தடுப்புக்கு எத்தனை கன அடி

நான் கல்யாணமாகிக் கடலூருக்கு வந்தபோது என் மாமனார் அந்த வீட்டுக்கு ஒரு விருந்தாளி மாதிரிதான். சனிக்கிழமை சாயங்காலம் வருவார். திங்கட்கிழமை விடிகிறபோதே பஸ் ஏறிவிடுவார். அரசாங்கத்தில் ஓவர்சீயர் வேலை. குமராட்சிப் பக்கம், ஸ்ரீமுஷ்ணம் பக்கம் என்று வாய்க்கால் கரைகளிலேயே உத்தியோக காலத்தைக் கழித்தவர். சிதம்பரத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார். இங்கே வீடு, வாசல், என் வீட்டுக்காரரின் படிப்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது மாமியார். அவர்களை நான் மாமா, அத்தை என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அத்தை ஹாலில் இந்தி டியூஷன் எடுத்தார். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிள்ளைகள் செருப்பை வாசலில் குவித்துவிட்டு உள்ளே வருவார்கள். பாய், ஒரு கரும்பலகை, அத்தைக்கு ஒரு நாற்காலி. அந்த நேரத்தில் ஹால் வழியாகச் சமையலறைக்குப் போகக்கூட நாங்கள் யோசிப்போம். நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். பஸ் சீக்கிரம் வந்துவிட்டால் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்று, பாடம் ஓய்ந்ததும் உள்ளே போவதுண்டு. என் வீட்டுக்காரருக்குத் தொழிற்பேட்டையில் ஷிப்ட். அவருக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூங்குவார்.

2010இல் மாமா ரிட்டயர்டு ஆனார். சந்தன மாலையோடும் ஒரு சுவர்க் கடிகாரத்தோடும் வந்து இறங்கினார். மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஹாலில் டிவிக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவரை அங்கிருந்து யாராலும் எழுப்ப முடியவில்லை.

டிவியை அணைக்கச் சொன்னால் அணைத்துவிடுவார். அதுதான் வம்பு. அணைத்துவிட்டால் அவருக்குப் பார்க்க வேறு எதுவும் கிடையாது, பிள்ளைகளைத்தான் பார்ப்பார். அவருக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் பேச்சில் கலந்துகொள்வார்.

"மே ஸ்கூல் ஜாத்தா ஹூம்" என்று ஒரு பையன் சொல்வான்.

"எந்த ஸ்கூலுப்பா?" என்பார் மாமா.

பையன் இந்தியை விட்டுவிட்டுத் தன் பள்ளிக்கூடத்தைப் பற்றித் தமிழில் விவரமாகச் சொல்வான். அங்கே காம்பவுண்டு சுவர் யார் கட்டியது என்று மாமா விசாரிப்பார். அதற்குள் மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். அத்தை ஸ்கேலால் நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டே இருப்பார்.

பரீட்சை நெருங்கியபோது ஒரே தெருவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். அடுத்த தெருவில் புதிதாக டியூஷன் எடுக்கும் ஒரு டீச்சரிடம் போய்விட்டார்கள். ஒரு பிள்ளையின் அம்மா கடைத்தெருவில் அத்தையைப் பார்த்து, "உங்க வீட்டுல சார் இருக்காரு, புள்ளைங்களுக்கு கவனம் செதறுது டீச்சர்" என்று சொல்லிவிட்டார். அத்தை அன்றைக்கு வாங்க வந்த காயை வாங்காமலே திரும்பி வந்தார்.

"ஹாலுக்கு நடுவுல ஒரு செவுரு வேணும்" என்றார் மாமாவிடம்.

மாமாவுக்கு அதிர்ச்சி ஒன்றும் தெரியவில்லை. எழுந்து போய்த் தரையைக் காலால் தட்டிப் பார்த்தார். "செங்கல் கட்ட முடியாது. அஸ்திவாரம் இல்லாம மொசைக் மேல கட்டுனா தரை எறங்கும். கீழ பூரா மணலு" என்றார். முடிந்தது பேச்சு என்று நினைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

"அப்ப மரத்துல போடுங்க. ஆபீஸ்ல எல்லாம் போட்டிருக்காங்களே."

மரத்தில் போட முடியாது என்று சொல்ல அவரிடம் காரணம் இருக்கவில்லை. "எஸ்டிமேட் போடணும்" என்றார்.

நாங்கள் எல்லோரும் நிம்மதி அடைந்தோம். வாழ்நாளெல்லாம் எஸ்டிமேட் போட்டவருக்கு இது எம்மாத்திரம்? அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். அவரும் முதல் எஸ்டிமேட்டை அரை மணி நேரத்தில்தான் முடித்தார். டேப்பின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். ஹாலின் அகலம் பதினோரு அடி, உயரம் பத்தடி. இரண்டு அடிக்கு ஒரு செங்குத்துச் சட்டம், மேலும் கீழும் ஒவ்வொரு படுக்கைச் சட்டம், நடுவில் மூன்று குறுக்குச் சட்டங்கள். எல்லாம் மூன்றுக்கு இரண்டு அங்குல மரம். இரண்டு பக்கமும் பிளைவுட். மொத்தம் நூற்று இருபத்தஞ்சு அடி நீளம், ஐந்தேகால் கன அடிக்குக் கொஞ்சம் குறைவு. சேதாரம் சேர்த்து ஐந்தரை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அதை அவர் எழுதிய அழகைப் பார்த்தால் அடுத்த வாரமே தச்சர் வந்துவிடுவார் என்றுதான் தோன்றியது.

அடுத்த வாரம் மாமா மறுபடி டேப்பை எடுத்தார். இந்த முறை தரையில் மட்டும் அல்லாமல் மேலேயும் அளக்க வேண்டும் என்றார். நான் ஸ்டூல் மேல் ஏறி நின்றேன். ஹால் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இல்லை என்று கண்டுபிடித்தார். தரையில் பதினோரு அடி, கூரைக்குப் பக்கத்தில் ஒன்றரை அங்குலம் கூட. வாசல் பக்கம் ஓர் அகலம், சமையல்கட்டுப் பக்கம் வேறு அகலம்.

"எந்த கொத்தனாரு கட்டுனது இது?" என்றார் கோபமாக.

"நீங்க வரச்சொன்னவருதான்" என்றார் அத்தை சமையலறையிலிருந்து. "நீங்கதான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து மேற்பார்வை பாத்தீங்க."

அதற்குப் பிறகு சட்டங்களுக்கு இடைவெளி இரண்டு அடியா, ஒன்றரை அடியா என்ற கேள்வி வந்தது. பிள்ளைகள் சாய்ந்தால் தாங்க வேண்டுமே. பிறகு மரம் எது என்ற கேள்வி. தேக்கு என்றால் விலை ஜாஸ்தி. வேம்பு என்றால் வளையும். கரையான் வராமல் இருக்கக் கீழே சிமெண்டில் ஒரு கட்டை மாதிரி கட்டிக்கொள்ளலாமா? கட்டினால் சட்டத்தின் உயரம் குறையும், கணக்கு மாறும். மேலே காற்றுக்கு இடம் விடுவதா, கூரை வரை அடைப்பதா? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு புது எஸ்டிமேட். காலண்டர் தாள்கள் தீர்ந்துபோய்க் கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்துக்கு வந்துவிட்டார்.

மரத்தின் விலையைக் கடலூரில் விசாரிக்க வேண்டாம், சிதம்பரத்தில்தான் சரக்கு நன்றாக இருக்கும் என்று என்னிடம் அளவைக் கொடுத்தனுப்புவார். மதியம் சாப்பாட்டு நேரத்தில் நான் ரயில்வே லைனுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மரக்கடைக்குப் போவேன். கடைக்காரர் பெரிய மனுஷர், பரங்கிப்பேட்டைக்காரர். முதல் தடவை டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்தடுத்த தடவைகளில் டீ வரவில்லை. கடைசியாகப் போனபோது என் கையிலிருந்த சீட்டைப் பார்க்காமலே கேட்டார்.

"ஒங்க மாமனாரு கவர்மெண்டாம்மா?"

"ஆமாங்க. எப்பிடித் தெரியும்?"

"வரும்போதெல்லாம் அளவு மாறிக்கினே இருக்கு. மரம் மட்டும் இன்னும் வாங்கலியே."

அதை வீட்டில் போய்ச் சொன்னேன். அத்தை சிரிக்கவில்லை. மாமா மட்டும் சந்தோஷமாகச் சிரித்தார். "நானே ஒரு தடவை போய் மரத்தைப் பாத்துடறேன்" என்றார்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை, எனக்கு அரைநாள் லீவு இருந்தபோது, சிதம்பரத்துக்கு வந்தார். கடையில் ஒவ்வொரு மரத்தையும் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், ஒன்றையும் வாங்கவில்லை. கடைக்காரர் எங்களை மரியாதையாக வாசல் வரை வந்து வழியனுப்பினார், திரும்பி வந்துவிடக் கூடாதே என்கிற மாதிரி.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டீ குடித்தோம். மாமா எதிர்ச் சாரியில் இருந்த ஒரு மாடியைக் காட்டினார். கீழே செருப்புக் கடை, மேலே ஒரு ஜன்னல்.

"அதுதாம்மா நான் இருந்த ரூமு."

நான் பார்த்தேன். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஜன்னலில் யாரோ துண்டு காயப் போட்டிருந்தார்கள்.

"சைட்லேர்ந்து வந்து குளிச்சிட்டு உக்காந்தா, அப்புறம் பேசறதுக்கு ஆள் கிடையாது. செருப்புக் கடைக்காரரு பேசுவாரு, அதுவும் மழ பேஞ்சா. அஞ்சு மணிக்கு மேல நம்ம வீட்டுல புள்ளைங்க கத்திக்கினு இருக்கும்னு நெனச்சிக்குவேன். ரிட்டயர்டு ஆனா அங்க போயி உக்காந்துடணும்னு." டீயை ஊதிக் குடித்தார். "வந்து உக்காந்தா, அந்த சத்தம் எனக்கு கேக்காம இருக்கறதுக்கு எத்தன கன அடி ஆவும்னு ஒங்க அத்தை என்னையே கேக்குறா."

"இத அத்தைகிட்ட சொல்லலாமே மாமா" என்றேன்.

"சொல்லலாம்" என்றார். "எஸ்டிமேட் முடியட்டும்."

அவர் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். நானாவது சொல்லலாம் என்று அன்று ராத்திரி சாப்பாட்டுப் பாத்திரம் கழுவும்போது அத்தையிடம் பேச்சை ஆரம்பித்தேன். மாமா அங்கே தனியாகவே இருந்ததால், இங்கே பிள்ளைகளோடு... என்று இழுத்தேன்.

அத்தை குழாயை மூடினார். "அவரு அங்க தனியா இருந்தாரு. நான் இங்க யாரோட இருந்தேன்? ஒம் புருஷன் அப்ப சின்னப் பையன், ஏழு மணிக்கெல்லாம் தூங்கிடுவான். பக்கத்து வீட்டு டீச்சரம்மாகிட்ட போயி இந்தி கத்துக்கினு வந்து, ரெண்டு புள்ளைங்கள வெச்சி இந்த ஹால்ல ஆரம்பிச்சேன். அவரு சத்தம் இல்லாததாலதான் இந்த சத்தம் வந்துச்சி. இப்ப அவரு வந்துட்டாருன்னு இத வுட முடியுமா?" குழாயைத் திறந்தார். "எத்தன கன அடின்னு சீக்கிரம் சொல்லச் சொல்லு."

இரண்டு பேர் சொன்னதும் சரியாக இருந்தது. நடுவில் நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு வருஷம் இப்படியே ஓடியது. பிறகு 2011 டிசம்பர் கடைசியில் புயல் வந்தது. கடலூர்க்காரர்களுக்கு எந்தப் புயல் என்று சொல்ல வேண்டியதில்லை. விடிந்து வெளியே வந்தால் தெருவே தெரியவில்லை, மரந்தான் தெரிந்தது. எங்கள் வீட்டுக் கொல்லையில் விறகும் பழைய சாமானும் வைத்திருந்த தகரக் கொட்டகையின் கூரை பறந்து எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. ஐந்தரை கன அடி மரத்துக்காக ஒரு வருஷமாகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டைச் சுற்றி, போக வர வழியில்லாத அளவுக்கு மரம் கிடந்தது. மாமா வாசலில் நின்று நெடுநேரம் பார்த்தார்.

அத்தையின் தம்பிக்குப் பண்ருட்டிப் பக்கம் பலாத் தோப்பு. முந்திரியும் பலாவும் அடியோடு சாய்ந்துவிட்டன. அவர் போனில் அழுததை அத்தை எங்களிடம் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு டியூஷன் வைக்கவில்லை. பிப்ரவரியில், அறுவை மில்லில் அவர் முறை வந்த பிறகு, ஒரு குட்டியானை வண்டி நிறைய அறுத்த பலாச் சட்டங்களோடு வீட்டு வாசலில் வந்து இறங்கினார்.

"மாமா, அக்கா தடுப்பு போடணும்னு ரொம்ப நாளா சொல்லிக்கினு இருந்துச்சி. இந்தாங்க. மூணுக்கு ரெண்டுலதான் அறுத்திருக்கேன்."

"எவ்வளவு மச்சான் இருக்கும்?"

"அளக்கல மாமா. இருக்கறத ஏத்திட்டேன். எல்லாத்தையும் விறகுக் காசுக்கு கேக்குறாங்க. ஒரு மரமாவது வீட்டுக்குள்ள நிக்கட்டும்."

மாமா கண்ணாலேயே அளந்தார். அவர் போட்ட எந்த எஸ்டிமேட்டையும் விட இரண்டு பங்குக்கு மேல் இருந்தது. மச்சானின் தோளில் கை வைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். சாப்பிடும்போது இரண்டு பேரும் விழுந்த மரங்களைப் பற்றி, துக்க வீட்டில் பேசுகிற மாதிரி, ஒவ்வொன்றாகப் பேசினார்கள்.

மச்சான் போனதும் அத்தை கேட்டார். "தச்சரு எப்ப வருவாரு?"

"பச்சை மரம்" என்றார் மாமா. "இப்ப அடிச்சா முறுக்கிக்கும். காயணும்."

"எத்தன நாளு?"

"அஞ்சாறு மாசமாவது."

அத்தை அவரை முறைத்துப் பார்த்தார். ஆனால் இந்த முறை அவர் சொன்னது உண்மை. எனக்கே தெரிந்தது, சட்டங்கள் மஞ்சளாக, ஈரமாக, பால் பிசுபிசுப்போடு இருந்தன. கொட்டகைக்குக் கூரை இல்லை. வெயிலில் போட்டால் வெடிக்கும். நிழலில், காற்றுப்படுகிற இடத்தில் அடுக்க வேண்டும். வீட்டில் அப்படிப்பட்ட இடம் ஹால் ஒன்றுதான்.

மாமா தானே அடுக்கினார். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் காற்றுப் போகச் சின்னச் சின்னக் குச்சிகளை வைத்து, ஹாலின் குறுக்கே, ஒரு சுவரிலிருந்து ஏறத்தாழ எதிர்ச் சுவர் வரைக்கும், ஓர் ஆள் நுழைகிற இடம் மட்டும் விட்டு. முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோதுதான் என்ன செய்திருக்கிறார் என்று அவருக்கே தெரிந்தது. இடுப்பளவு உயரத்தில் ஹாலை இரண்டாக்கியிருந்தார். அந்தப் பக்கம் அத்தையும் கரும்பலகையும். இந்தப் பக்கம் அவரும் டிவியும்.

அடுத்த மாதங்களில் வீட்டில் பலாப்பழ வாசனை மாதிரி ஒன்று இருந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் அடுக்கின் மேல் புத்தகத்தை வைத்து நின்றுகொண்டே எழுதினார்கள். வாரத்துக்கு ஒரு நாள் மரத்தைப் புரட்டிப் போட வேண்டும் என்று மாமா சொல்லிவிட்டார், அதற்கு ஆள் வேண்டும், பிள்ளைகள்தான் ஆள். "டீச்சர், சாருக்கு ஹெல்ப் பண்ணிட்டு வரட்டுமா?" என்று அத்தையிடம் கேட்பார்கள். தடுப்பு வருவதற்கு முன்பே தடுப்பால் டியூஷன் கெட்டுக்கொண்டிருந்தது. ஆனால் மற்ற நாட்களில் மாமா பேச்சில் கலந்துகொள்வது நின்றுவிட்டது. அடுக்குக்குத் தன் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மரத்தைப் பார்க்கிற மாதிரி, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். வாய்க்கு வேலையில்லாமல் காதுக்கு வேலை கொடுத்தார் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஆகஸ்டில் தச்சர் வந்தார். சட்டத்தை இழைத்துப் பார்த்துத் திருப்திப்பட்டார். மாமா கடைசி எஸ்டிமேட்டை நீட்டினார். தச்சர் அதை இரண்டு தரம் படித்தார்.

"எல்லாம் இருக்கு சார். கதவுக்கு எடம் வுட்டிருக்கீங்க, கதவ காணோமே?"

"கதவு கெடையாது" என்றார் மாமா.

"அப்ப எப்பிடி சார்?"

"தொறந்தே இருக்கட்டும். வழி மட்டும் போதும்."

தச்சர் அத்தையைப் பார்த்தார். தடுப்பைக் கேட்டது அத்தை என்று வாசலில் நுழையும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. கதவு வைத்தே தீர வேண்டும் என்று அத்தை சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அத்தை கொஞ்ச நேரம் மாமாவைப் பார்த்தார். மாமா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவு வெச்சா அடிச்சி அடிச்சி சாத்துவாங்க புள்ளைங்க" என்றார் அத்தை. "சத்தம் ஜாஸ்தியாவும். அவரு சொல்ற மாதிரியே வுட்டுடுங்க."

தடுப்பு எழுந்தது. பிளைவுட் அடித்து, வெள்ளை அடித்து, கூரைக்கு ஒரு முழம் குறைவாக நின்றது. அத்தை கரும்பலகையை அதில் மாட்டினார். முதல் சில நாட்கள் வீட்டில் ஒரு மாதிரி அமைதி. மாமா அந்தப் பக்கம் டிவியைக்கூட போடாமல் உட்கார்ந்திருந்தார். அத்தை இந்தப் பக்கம் அடிக்கடி பாடத்தை நிறுத்திவிட்டு வழிப்பக்கம் திரும்பிப் பார்த்ததை நான் கவனித்தேன்.

ஒரு நாள் நான் சீக்கிரம் வந்திருந்தேன். வாசலிலேயே நின்றேன். அத்தை ஒரு பையனைக் கேட்டார், சுவர் உயரமாக இருக்கிறது, இதை இந்தியில் சொல்லு.

"தீவார் ஊஞ்சா ஹை" என்றான் பையன்.

அத்தை திருத்த வாயெடுத்தார். அதற்குள் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒரு குரல் வந்தது.

"ஊஞ்சீ. ஊஞ்சீ ஹை. தீவாரு பொம்பளப்பா."

பிள்ளைகள் ஓவென்று சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. கையில் இருந்த சாக்பீஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்ததா, சாக்பீஸ் தூசியா என்று வாசலிலிருந்து எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பிறகு பிள்ளைகளை அதட்டி அடக்கிவிட்டு, தடுப்பைப் பார்த்தே சொன்னார்.

"சரிதான், இந்தியில செவுரு பெண்பால்தான். ஆனா உச்சரிப்பு சரியில்ல. இங்க வந்து சொல்லுங்க."

மாமா வந்தார். வழிக்குக் கதவு இல்லாததால் தட்ட வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் பாயில் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அவருக்கு முழங்கால் மடக்க முடியாது என்பதால் யாரோ ஓடிப்போய் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அந்த வருஷக் கடைசியில் என் வேலைக்கு வசதியாக நானும் என் வீட்டுக்காரரும் சிதம்பரத்துக்குக் குடிபோய்விட்டோம். மீந்த பலாச் சட்டங்களை அத்தையின் தம்பி திரும்ப எடுத்துப் போகவில்லை. அவற்றில் எங்கள் சமையலறைக்கு ஓர் அலமாரி செய்துகொண்டோம். அளவை நான்தான் எடுத்தேன், யாரிடமும் கேட்கவில்லை. பொங்கலுக்கு மாமாவும் அத்தையும் வந்திருந்தார்கள். மாமா அலமாரியைத் தட்டிப் பார்த்தார், திறந்து மூடினார், ஒரு பக்கம் கால் அங்குலம் சாய்ந்திருக்கிறது என்றார். அத்தை அவரிடம் இந்தியில் ஏதோ சொன்னார். மாமா இந்தியில் ஏதோ பதில் சொன்னார். என்ன என்று கேட்டேன். இரண்டு பேரும் சொல்ல மறுத்துவிட்டார்கள்.